நீர் மாத்திரை

அது திலகாவின் குரல் இல்லை. அது அடித்தொண்டையிலிருந்து வருகிறது, யாரோ கனத்த உடம்புக்காரி. திலகா கத்தினால் குரல் மேலே மேலே போய் நுனியில் ஒரு கீறல் விழும், கரப்பானைப் பார்த்தாலும் அப்படித்தான், பரீட்சையில் தேறினாலும் அப்படித்தான். இதோ, இது. இதுதான் என் தங்கை. நீலக் குழாயின் ஏதோ ஒரு வளைவில் தொடங்கி, குழாய்க்குள்ளேயே உருண்டு, வெளியே வந்து தண்ணீரில் விழுந்து அணைகிற குரல். அறுபது வயதில் கத்துகிறாள். எனக்கு அவள் தெரியவில்லை. நடுவில் குரோட்டன்ஸ் வேலி இருக்கிறது, சிமெண்டில் செய்த ஒரு யானை இருக்கிறது, அதன் தும்பிக்கையிலிருந்து ஓயாமல் தண்ணீர் கொட்டுகிறது, அதற்கும் பின்னால் சறுக்குக் குழாய்களின் மேல்வளைவுகள் மட்டும் வானத்தில் தெரிகின்றன, சிவப்பு, மஞ்சள், நீலம், யாருடைய குடலையோ எடுத்து வெயிலில் காயப் போட்ட மாதிரி. கண்ணுக்கு வழியில்லை, காதுக்கு மட்டும்தான். என்னை ஒரு பிளாஸ்டிக் காளானின் நிழலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சக்கர நாற்காலி இந்தத் தண்ணீர்ப் பூங்காவினுடையது, எனக்கு முன்னால் யாரோ ஈர உடம்போடு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், ரெக்சின் இன்னும் பிசுபிசுக்கிறது. பிரேக்கை இரண்டு பக்கமும் அழுத்தியது ரகு, திலகாவின் மாப்பிள்ளை. ‘பெரியத்தை, இனிமே புயல் அடிச்சாலும் நகராது’ என்றான், எல்லோரும் சிரித்தோம். மடியில் மூன்று பைகள், திலகாவுடையது, அவள் மகள் தேன்மொழியுடையது, என்னுடையது. காலடியில் அவர்களுடைய செருப்புகள். உட்கார்ந்திருக்கிறவளிடம்தான் எல்லோரும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போவார்கள், கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான், அதில் எனக்கு வருத்தம் கிடையாது, பையை அணைத்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான். மூச்சுதான் சரியில்லை. மூச்சைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். தேன்மொழியின் அலுவலகத்தில் குடும்ப தினம், நாலு பேருக்குப் பாஸ், அவளுக்குக் குழந்தை இல்லை, மாமனார் மாமியார் சேலத்தில், ஆகவே அம்மாவும் பெரியம்மாவும். ‘வீல்சேர் குடுக்கறாங்க பெரியம்மா, நீங்க சும்மா உக்காந்து வேடிக்கை பாத்தாப் போதும், கும்பகோணத்துல அந்தச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க.’ சுவரைப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, சுவர் நகராது. இங்கே எல்லாம் நகர்கிறது. யானை நகர்கிற மாதிரி இருக்கிறது. யானை நகராது, சிமெண்ட்.

மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு படி வரை போகிறது, அதற்கு மேல் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெயிலாக இருக்கும். சித்திரை பிறந்து இரண்டாவது வாரம், யாருக்குத்தான் மூச்சு முட்டாது. ஆனால் நேற்று ராத்திரி வெயில் இல்லையே, நேற்று ராத்திரியும் படுக்க முடியாமல் இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினேனே, அது இடம் மாறியதால் என்று நினைத்தேன், இல்லை, நினைக்கவில்லை, தெரியும். மாத்திரை. காலையில் காப்பிக்கு முன்னால் போட வேண்டிய சின்ன வெள்ளை மாத்திரை. என் இதயத்தின் பம்புக்கு வலு போதவில்லை, அது தள்ளாமல் விடுகிற தண்ணீரை மாத்திரை தள்ளி வெளியேற்றும் என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார், என் இதயத்தைத் தேங்காய் மாதிரி வரைந்தார், மேலே குடுமி கூட இருந்தது. ‘ஒருநாள்கூட விடாதீங்கம்மா’ என்றார். விட்டுவிட்டேன். முந்தாநாள் ரயில், ரயிலின் கழிவறை வரைக்கும் கைத்தடியோடு ஆடி ஆடிப் போக முடியாது, ஆகவே விட்டேன். இன்று இது, ஆகவே விட்டேன். நேற்று? நேற்று தேன்மொழியின் வீட்டில், ஜன்னலோரம், அட்டையை அழுத்தியதும் படக் என்று சத்தம் கேட்டது, உள்ளங்கையில் வெள்ளையாக ஒன்று விழுந்தது, ஆனால் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வெள்ளைதான், அதுவும் படக் என்றுதான் கேட்கும், எந்த வெள்ளை, எந்தப் படக். நேற்று நான் எத்தனை தடவை கழிவறைக்குப் போனேன் என்று யோசித்தால் தெரிந்துவிடும். ஒரு தடவை போனேன். இரண்டு தடவையா? மாத்திரை போட்ட நாளில் மதியம் வரைக்கும் கட்டிலுக்கும் கழிவறைக்குமாகவே நடப்பேன், என் வீட்டில் அதற்கென்று வழி போட்டு வைத்திருக்கிறேன், பீரோவின் முனை, நாற்காலியின் முதுகு, கதவின் நிலை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை மாற்றிக்கொண்டே போகலாம். நேற்று அப்படி நடந்த ஞாபகம் இல்லை. நேற்றும் போடவில்லை போலிருக்கிறது. வெளியே கிளம்புகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்த வித்தை, அம்மா திருப்பதிக்குப் போகும்போது உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள், என்னோடு படித்தவர்கள் சுற்றுலாப் பேருந்தில் காய்ந்த தொண்டையோடு பாடிக்கொண்டு வருவார்கள், எங்கே போய் ஒதுங்குவது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அதே யோசனையில்தான் மாத்திரையையும் விட்டேன். குடிக்காத தண்ணீர் ஒன்றும் செய்யாது. வெளியேறாத தண்ணீர் அப்படி இல்லை, அது எனக்குள்ளேயே எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது, படித்தவள்தானே நீ, பி.ஏ. வரலாறு.

திலகா மறுபடியும் கத்துகிறாள். மறுபடியும் ஏறிப் போயிருக்கிறாள் என்று அர்த்தம், அந்தப் படிகளை ஏறி, வரிசையில் நின்று, ரப்பர் மிதவையில் உட்கார்ந்து. இந்தச் சத்தத்தை நான் நிறுத்தக் கூடாது. இப்போது நான் கூப்பிட்டால் நின்றுவிடும். நாலு வருஷம் அவள் வீட்டில் யாரும் சத்தம் போட்டதில்லை. அவள் கணவர் சாம்பசிவம் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு போய், கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார், கட்டிலின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும், மஞ்சளாக நிரம்பும், திலகா அதைக் கழற்றுவாள், கொட்டுவாள், கழுவுவாள், மாட்டுவாள், நடுவில் ரசத்துக்குப் புளி கரைப்பாள், மறுபடி கழற்றுவாள். நான் போகும்போதெல்லாம் அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும், கழுவிக் கழுவி. போன பங்குனியில் அவர் போனார். இந்தப் பங்குனியில் வருஷம் திரும்பியது. முந்தாநாள் நான் ரயிலை விட்டு இறங்கியபோது பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்தாள், நுனிகள் வெளுப்பு போய் இப்போதுதான் விரல் மாதிரி இருந்தன. அன்று ராத்திரி விளக்கை அணைக்கும்போது சொன்னாள், ‘அக்கா, நடுவுல எழுந்திரிச்சா என்னை எழுப்பு. பாத்ரூம் ரொம்பக் குறுகல், உன்னால திரும்ப முடியாது, நான் பிடிச்சுக்கறேன். கூச்சப்படாதே, எனக்குப் பழக்கந்தான்.’ எனக்குப் பழக்கந்தான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாள், உடனே தூங்கிவிட்டாள். நான் இருட்டில் அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கந்தான். நாலு வருஷப் பழக்கம். அது விட்டுப் போக வேண்டிய பழக்கம் இல்லையா, அதை நானா மறுபடி பிடித்துக் கொடுப்பது, இந்தா திலகா, இன்னொரு உடம்பு, இதையும் தூக்கு. அன்று ராத்திரி நான் எழுந்திருக்கவில்லை. நேற்று ராத்திரியும். ஆகவே நேற்றும் போடவில்லை, சரிதான், இப்போது தெளிவாகிவிட்டது. தெளிவாகவில்லை. ராத்திரி எழுந்திருக்காததற்கும் காலையில் போட்டேனா என்பதற்கும் என்ன சம்பந்தம்.

நிழல் நகர்ந்துவிட்டது. காளானின் விளிம்பு என் பாதத்திலிருந்து விலகிவிட்டது, வெயில் இரண்டு பாதத்திலும் உட்கார்ந்திருக்கிறது. காலையில் உடை மாற்றும் இடத்தில் திலகா வெளியே வந்தபோது அடித்ததும் இதே மாதிரி வெயில்தான், கூரையில் ஒரு ஓட்டை வழியாக அவள் மேல் மட்டும். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம், அவர்களே வாடகைக்குக் கொடுக்கிற நைலான் உடைதான், நீல மேல்சட்டை, கணுக்கால் வரை நீலக் கால்சராய். வாழ்நாள் முழுக்கப் புடவைக்குள் இருந்த என் தங்கை ஒரு தபால்பெட்டி மாதிரி நின்றாள். ‘அக்கா, சிரிக்காதே. சிரிச்சே, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன்.’ ‘நான் எங்கடி சிரிச்சேன்?’ ‘கண்ணு சிரிக்குது. முதுகுல என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?’ ‘உன் சைஸ் போட்டிருக்கு.’ ‘முதுகுலயா? ஊருக்கே காட்டணுமா அதை?’ தேன்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ‘அம்மா, அப்பா இருந்து பாத்திருந்தா…’ என்று தொடங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள், முகம் சுண்டிவிட்டது. திலகாதான் முடித்தாள். ‘பாத்திருந்தா மேல்துண்டை எடுத்துத் தன் தலையில போட்டுக்கிட்டு வெளியே போயிருப்பார்.’ அவளே பெரிதாகச் சிரித்தாள். அப்போதுதான் நான் முடிவு செய்தேன், இன்று ஒரு நாள், இன்று ஒரே ஒரு நாள் நான் ஒரு மூட்டை மாதிரி இருந்துவிட வேண்டும், மூட்டைக்கு ஒன்றுக்கு வராது. ஆனால் வருகிறது. காலையில் வீட்டில் போனதுதான். மாத்திரை போடாவிட்டாலும் உடம்பு உடம்புதானே. உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன், பெண்கள் கழிவறைக்கு மூன்று படி. பக்கத்தில் சாய்தளம் இருக்கிறது, சக்கர நாற்காலியின் படம் கூடப் போட்டிருக்கிறது, அந்தக் கதவுக்கு முன்னால் துடைப்பமும் வாளியும் சாத்தி வைத்திருக்கிறார்கள். அடக்கிக்கொள்வது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் அடக்கிக்கொண்டிருந்தவள். காதில் ஹெட்செட்டை மாட்டி இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டால் மாற்றுக்கு ஆள் வராமல் எழுந்திருக்கக் கூடாது, கையைத் தூக்கி ‘ரிலீஃப்’ என்று கேட்க வேண்டும், சூப்பர்வைசர் பார்த்தால் பார்ப்பார். கை தூக்க வெட்கப்பட்டுக்கொண்டு தொடையை இறுக்கிக்கொண்டு மதுரையையும் பம்பாயையும் இணைத்திருக்கிறேன். எத்தனை அழுகைகளை ஒரு ஒயரிலிருந்து இன்னொரு ஒயருக்கு மாற்றியிருக்கிறேன், ‘பேசுங்க, பேசுங்க, லைன்ல இருக்காங்க.’ இப்போதும் யாரோ பேசுகிறார்கள். ‘டியர் கஸ்டமர்ஸ்’ என்கிறது ஒலிபெருக்கி, இன்னும் சற்று நேரத்தில் அலைக்குளத்தில் அலை தொடங்கும் என்கிறது. எனக்குள் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று அதனிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

‘ஏம்மா, நீங்க எறங்கலியா?’ பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் எப்போது வந்து உட்கார்ந்தாள் இந்த அம்மாள், தெரியவில்லை, ஐம்பது வயது இருக்கும், பச்சை நைலக்ஸ் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருக்கிறாள், சுற்றிலும் பத்துப் பதினைந்து செருப்புகள். வண்டி பிடித்து ஆரணியிலிருந்து வந்திருக்கிறார்களாம். நான் காலைக் காட்டினேன். ‘எனக்குக் காலு நல்லாத்தான் கீது, அந்தக் குழாக் கால்சட்டையைப் போட்டுக்கச் சொல்றாளுவ, நான் மாட்டேன்னுட்டேன். எம் மருமவ போட்டுக்கினு வந்து நிக்கிறா, அடையாளமே தெரியல, யாரோ போலீஸ்னு நெனச்சி எந்திரிச்சிட்டேன்.’ நான் சிரித்தேன், சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது, இருமல் நிற்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ‘முறுக்கு. வாசல்ல திங்கறதெல்லாம் புடுங்கிக்கினாங்க, மடியில கை வெக்கல. துன்னுங்க.’ உப்பு ஆகாது என்று சொல்ல வந்தேன், வாக்கியம் நீளமாக இருந்தது, மூச்சு அதற்குப் போதவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். அவள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ‘மூச்சு வாங்குதாம்மா?’ ‘இல்லை. வெயில்.’ ‘ஒதடு ஒரு மாதிரி கீதே.’ ‘வெயில்தான்’ என்றேன். முன்பின் தெரியாதவள், ஊர் தெரியாது, பேர் தெரியாது, அவளிடம்கூட எதற்குப் பொய் சொல்கிறேன். பொய்யா அது. வெயில் அடிக்கிறதுதானே. அவள் எழுந்து என் நாற்காலியை நிழலுக்குத் தள்ளப் பார்த்தாள், பிரேக் அவளுக்குப் பிடிபடவில்லை, தள்ளத் தள்ள நாற்காலி முன்பக்கமாகச் சாய்ந்தது, பைகள் சரிந்தன, ‘வேணாம் வேணாம்’ என்றேன், அவளும் ‘அடியாத்தாடி’ என்று விட்டுவிட்டாள்.

திலகா கத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று? கேட்டேனே, சற்று முன்னால் கேட்டேன், அது திலகாதானா, எல்லாக் குரலுக்கும் நுனியில் கீறல் விழுகிற மாதிரி இருக்கிறது இப்போது. அலை தொடங்கிவிட்டது, ஆயிரம் பேர் ஒரே வாயால் ஓ என்கிறார்கள். கூப்பிட்டுவிடலாம். ஒன்றும் ஆகவில்லை, சும்மா கூப்பிட்டேன் என்று சொல்லலாம், பேத்தலாக இருந்தாலும் பரவாயில்லை. மாத்திரை என் பையில்தான் இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம், ஆனால் போட்டுக்கொண்டால் மூன்று படி, துடைப்பம், வாளி, திலகாவின் இரண்டு கைகள் என் அக்குளில், திலகா என் உள்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பழக்கந்தான் அக்கா. போட்டுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் எங்கே இருக்கிறது? என் கைபேசியை எடுத்தேன். விரல்கள் தடித்திருக்கின்றன, திலகாவின் பெயர் இரண்டு தடவை நழுவிப் போய் மூன்றாவது தடவை அகப்பட்டது. மணி அடிக்கிறது. அங்கே அடிக்கிறது, இங்கேயும் அடிக்கிறது. ‘குறையொன்றும்’ என்று தொடங்குகிற மாதிரி ஏதோ ஒரு வீணை, திலகாவின் ரிங்டோன்தான், கிட்டத்திலேயே கேட்கிறது. வந்துவிட்டாள், பின்னாலேயே வந்து நிற்கிறாள், எனக்கு அப்படியே உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, ‘திலகா’ என்றேன் கைபேசிக்குள், ‘திலகா, லைன்ல இருக்கியா, பேசு, பேசு.’ ஆரணிக்கார அம்மாள்தான் சொன்னாள், ‘உங்க மடியிலதாம்மா அடிக்குது.’ மடியில். பைக்குள். அவர்கள் எல்லோருடைய கைபேசியும் என் மடியில். நான் என் மடியையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தேன்மொழியினுடையதும் இங்கேதான், ரகுவினுடையதும் இங்கேதான், உலகத்தில் எந்த எண்ணை அழுத்தினாலும் என் மடியில்தான் மணி அடிக்கும். வீணை நிற்க மறுக்கிறது. எப்படி நிறுத்துவது, சிவப்பு எங்கே, சிவப்பை அழுத்த வேண்டும், அது தானாக நின்றது, நின்றதும் முன்னைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

‘அவங்களைக் கூப்பிடணுமா? மைக்குல சொல்லச் சொல்றேன், பேரு சொல்லுங்க.’ ஆரணிக்கார அம்மாள் புடவையை இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறாள். மைக்கில் வேண்டாம். மைக்கில் பெயர் வந்தால் திலகா பயந்துவிடுவாள். கெட்ட செய்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா, ‘சீரியஸ்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பக்கம் நாற்காலி விழுகிற சத்தம் கேட்கும். ஆகவே வார்த்தைகளைப் பார்த்து எடுக்க வேண்டும். உன் அக்கா கூப்பிடுகிறாள். வேண்டாம், கூப்பிடுகிறாள் என்றாலே பயம்தான். உன் அக்கா உன்னைப் பார்க்க விரும்புகிறாள். அது இன்னும் மோசம், அது சாகிறவர்கள் சொல்வது. ‘திலகவதின்னு பேரு,’ என்றேன், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று. ‘அக்கா காளான்கிட்ட இருக்கா. மெதுவா வந்தாப் போதும்னு. மெதுவான்னு. கட்டாயம் சொல்லச் சொல்லுங்க.’ ‘மெதுவாவா?’ என்று அவள் என் உதட்டையே பார்த்தாள், செருப்புக் குவியலை அப்படியே போட்டுவிட்டு வேகமாகப் போனாள். போனபிறகு அந்தப் பெஞ்சு மிகவும் காலியாக இருந்தது. நான் மூச்சை எண்ணாமல் யானையைப் பார்த்தேன். யானைக்கு எங்கிருந்து இவ்வளவு தண்ணீர். ஒலிபெருக்கி இருமியது. ‘டியர் கஸ்டமர்ஸ். திருமதி திலகவதி, திருமதி திலகவதி, எங்கிருந்தாலும் உடனடியாக முதலுதவி அறைக்கு வரவும். உங்களுடைய அக்காவுக்கு உடல்நிலை சரியில்லை. உடனடியாக வரவும்.’ மெதுவா என்ற வார்த்தை எங்கே? நான் கொடுத்த வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. முதலுதவி அறை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை, நான் காளானில் இருக்கிறேன், இது யாருடைய அக்காவையோ பற்றிச் சொல்கிறது.

நீல உடைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன. எல்லாம் ஒரே நீலம், எல்லாம் ஈரம், தலைமுடி முகத்தில் ஒட்டிய பெண்கள், எவள் திலகா என்று தெரியவில்லை, நாற்பது வருஷம் புடவையின் நிறத்தைப் பார்த்தே தங்கையை அடையாளம் கண்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஒருத்தி யானையின் பின்னாலிருந்து ஓடி வருகிறாள். வெறுங்காலில், சுடுகிற சிமெண்டில், ஓடத் தெரியாதவள் ஓடுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, வாய் திறந்திருக்கிறது, ‘அக்கா, அக்கா’ என்று யாரையோ பார்த்து அல்ல, காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓடுகிறாள். திலகா. என்னைத் தாண்டி ஓடுகிறாள். நான் இங்கே இருக்கிறேன், காளானுக்குக் கீழே, அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அவளுக்குச் சொல்லப்பட்ட இடத்துக்கு ஓடுகிறாள். முதுகு தெரிகிறது, முதுகில் அந்த எழுத்து. பிரேக் அசையவில்லை. பைகளைத் தள்ளிவிட்டேன், ஏதோ உடைகிற சத்தம், கண்ணாடியோ கைபேசியோ. ‘திலகா’ என்றேன், எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறவரை எட்டி உதைத்துக்கொண்டு, எங்கேயோ அடியிலிருந்து கொஞ்சம் காற்று கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு கத்தினேன், ‘திலகா! எனக்கு முடியலடி! மூச்சு விட முடியலடி எனக்கு!’ கத்தியது நான்தான். எல்லா நீலங்களும் நின்றன. ஐஸ்கிரீம் கடைக்காரன் திரும்பினான். திலகா நின்று, தப்பான பக்கம் பார்த்து, பிறகு சரியான பக்கம் பார்த்தாள்.

வந்து விழுந்த மாதிரி என் முன்னால் மண்டியிட்டாள். தலையிலிருந்து தண்ணீர் என் முழங்காலில் கொட்டியது, குளிர்ந்தது. ‘மாத்திரை போட்டியா?’ ‘இல்லை.’ ‘எப்போலேர்ந்து?’ ‘முந்தாநாள். நேத்து தெரியலடி.’ ‘தெரியலையா?’ என்று கேட்டு, என் கணுக்காலை ஒரே ஒரு விரலால் அழுத்தினாள், எடுத்தாள், குழி விழுந்து மேலே வராத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஏன்க்கா?’ சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகம் கோபத்தில் கறுத்தது, பதினாறு வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு நின்றபோது இருந்த அதே முகம். ‘என்னை எழுப்பினா நான் செத்தா போயிடுவேன்? நீ செத்துப் போயிருந்தா? அந்தக் குழாயில நான் கத்திக்கிட்டு இருக்கும்போது நீ இங்க செத்துப் போயிருந்தா? அப்புறம் நான் என் வாழ்நாள்ல ஒரு சத்தம் போட்டிருப்பேனா?’ அது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாளாக இவ்வளவு யோசித்தேன், அது மட்டும் தோன்றவில்லை. அவள் பிரேக்கைக் காலால் உதைத்துத் திறந்தாள், இரண்டு பக்கமும்.

இப்போது ஒரு வெள்ளை அறை. மூக்கில் ரப்பர் வாசனையோடு காற்று வருகிறது, யாரும் இழுக்காமலே வருகிறது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று நர்ஸ் சொல்கிறாள், தேன்மொழியும் ரகுவும் அதற்காக வாசலில் நிற்கிறார்களாம், ஆரணிக்கார அம்மாள்தான் அவர்களைக் கண்டுபிடித்து அனுப்பினாளாம், அல்லது நர்ஸ் வேறு யாரைப் பற்றியோ சொல்கிறாள். திலகா சின்ன வெள்ளை மாத்திரையை என் நாக்கில் வைத்து, ஒரு மிடறு மட்டும் தண்ணீர் கொடுக்கிறாள். எது தெளிந்திருக்கிறது எது தெளியவில்லை என்று தெரியவில்லை. ஆக்சிஜன் முகமூடியை விலக்கினேன். ‘என்னக்கா?’ ‘ஒண்ணுக்குப் போகணும்.’ காலையிலிருந்து, முந்தாநாளிலிருந்து, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன், கூச்சமாகத்தான் இருந்தது. திலகா நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் ஒரு பெட்பேனை நீட்டிவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். திலகா ஈர நைலானோடு என்னை அணைத்துத் தூக்கினாள், அவள் கழுத்தில் குளோரின் வாசனை, இதயம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ‘விடு’ என்றாள், ‘நான் பிடிச்சிருக்கேன், விடு.’ முதலில் வரவில்லை. பிறகு எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது, அவள் உடையிலிருந்து தரையில் விழுகிறதா, என்னிடமிருந்தா, பிரித்துச் சொல்ல முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.